தாண்டுபோச்சு என்றதும் கை தட்டினேன்

1

திருகோணமலைக்கு நான் வந்து பதினாலு வருஷமாகிறது. இத்தனை காலத்தில் நான் இங்கே யாருக்குப் பிரசவம் பார்த்தேன், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு முறுக்குச் சுற்றினேன் என்பதெல்லாம் ஒருவருக்கும் நினைவில்லை. மீன்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை என்னைப் பற்றி அறிந்து வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். புருஷனுடைய படகு கடலில் முழுகியபோது எழுந்து நின்று கை தட்டிய பெண்பிள்ளை இவள்.

தட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. வளையல் நொறுங்குகிற அளவுக்குத் தட்டினேன். ஆனால் நான் தட்டியதற்குக் காரணம் வேறு. அதை இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க மெனக்கெட வேண்டும். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு சொல்லில் புரிந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நான் ரயிலேற வேண்டும். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று குசினி மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். குசினி என்றால் அடுப்படி. பாருங்கள், என் பேனாவிலும் இந்த ஊர் புகுந்துவிட்டது.

2

என் வீட்டுக்காரர் சங்கரன், தேயிலைப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில் அதிகாரி. "மூணே வருஷம். அப்புறம் தூத்துக்குடி ஆபீசுக்கே மாத்திடுவாங்க" என்று சொல்லித்தான் கல்யாணமான கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். உவர்மலையில் கம்பெனி வீடு. எந்த ஜன்னலைத் திறந்தாலும் துறைமுகம். நான் துணி உலர்த்துகிற கொடிக்குக் கீழே மேடு இறங்கி, அதற்கப்பால் ஒரே தண்ணீர், நாலு நாட்டுக் கப்பல். வருகிறது, தேயிலை ஏற்றுகிறது, போகிறது. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏன் ஏறிப் போகக்கூடாது என்று கேட்பீர்கள். எனக்கென்று பாஸ்போர்ட் கிடையாது. அவருடைய பாஸ்போர்ட்டிலேயே என்னையும் 'மனைவி' என்று சேர்த்துவிட்டார்கள். அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் என் போட்டோ. பிறகு மகள் உமா இங்கேயே ஆஸ்பத்திரியில் பிறந்ததும், அவள் பெயரையும் கீழே எழுதிக் கொடுத்தார்கள். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம் என்று அவருக்கு அப்போது பெரிய சந்தோஷம். அதில் இருந்த சூட்சுமம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் புறப்பட்டால் நான் புறப்படலாம். அவர் புறப்படாவிட்டால் நானும் பிள்ளையும் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அவர் ஏன் புறப்படவில்லை என்பதற்குக் காரணம் அவருடைய ஆபீஸ் இல்லை. கம்பெனி ஒழுங்காக லீவு கொடுத்தது. பங்குனி, சித்திரையில் கொடுத்தது. கஷ்டமே அங்கேதான். இங்கே மார்கழி, தை எல்லாம் வாடைக் காற்று, கடல் கொந்தளிக்கும். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று எழும்பிவிடும். (கச்சான் என்றால் இங்கே காற்றும்தான், வேர்க்கடலையும்தான். முதல் வருஷம் 'கச்சான் தொடங்கிட்டுது' என்று யாரோ சொன்னபோது நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டேன்.) இரண்டுக்கும் நடுவே பங்குனியில்தான் துறைமுகம் குளத்துத் தண்ணீராக அசையாமல் கிடக்கும். அந்த மாதத்தில்தான் கிளப்பில் விசைப்படகுப் போட்டி நடக்கும். என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடிப்பதும் அந்த மாதம்தான்.

இங்கிலீஷ் கடற்படை இருந்த காலத்தில் அந்தக் கிளப்புக்குள் நம் நிறத்தவர் தட்டு எடுக்கத்தான் போகலாமாம். அவர்கள் போனபின் நம்மவர்கள் உள்ளே போனார்கள். போனவர்கள் கதிரை என்கிற நாற்காலிகளையும் கட்லெட்டையும் சட்டதிட்டங்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆண்களுக்கு உள்ளே பார். பெண்களுக்கு வெளியே விறாந்தையில் பிரம்பு நாற்காலி. எனக்கு ஒரு எலுமிச்சம்பழ ஜூஸ் வேண்டுமென்றாலும் சீட்டில் அவர் பெயரைத்தான் எழுத வேண்டும். கிளப்பில் சேர்ந்தவர் அவர். நான் சேர்ந்தவருடைய மனைவி. பாஸ்போர்ட்டிலும் அப்படி, பழ ஜூஸிலும் அப்படி.

ஒவ்வொரு பங்குனியிலும் மலைநாட்டுத் தோட்டத்துரைமார் லாரியின் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். பகலெல்லாம் எஞ்சின் சத்தம். சாயங்காலம் பைலா என்கிற ஆட்டப் பாட்டு. அவர்களுடைய மனைவிமார் எங்களை விசாரிப்பார்கள், நாங்கள் அவர்களை விசாரிப்போம், மறுவருஷமும் அதையே விசாரிப்போம். என் வீட்டுக்காரர் ஒட்டுப்பலகையில் ஒரு மஞ்சள் படகு கட்டுவித்து, பின்னால் எஞ்சின் பூட்டி, தாமிரவருணி என்று பெயரும் வைத்திருந்தார். ஊர் ஞாபகத்துக்காம். ஊருக்குப் போகாமலிருக்க ஊர்ப் பெயரையே பயன்படுத்திய மனுஷர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"ரேஸ் முடியட்டும், போகலாம்" என்பார். ரேஸ் முடியும்போது லீவும் முடிந்திருக்கும்.

3

மொழி ஒன்றுதானே, உனக்கென்ன கஷ்டம் என்று ஊரிலிருந்து எழுதுவார்கள். மொழி ஒன்றாக இருப்பதுதான் கஷ்டம். சிங்களமாகவோ இங்கிலீஷாகவோ இருந்தால் தெரியவில்லை என்று சும்மா இருந்துவிடுவேன். இங்கே எல்லாச் சொல்லும் தெரிந்த சொல். அர்த்தம் மட்டும் வேறே.

வந்த புதிதில் கிளப்பில் டாக்டர் வீட்டு அம்மா, மிஸிஸ் இராசநாயகம், என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்து மனுஷி. நல்ல மனசு, பெரிய குரல்.

"இண்டைக்கு விடிய டாக்டர் என்னை நல்லாப் பேசிப்போட்டார், கோமதி" என்றார்.

"நீங்க கொடுத்து வச்சவங்க. எங்க வீட்டுக்காரர் என்கிட்ட பேசறதே இல்லை" என்றேன் நான்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே பேசினார் என்றால் திட்டினார் என்று பொருள். நாம் பேசுவதற்கு இவர்கள் சொல்வது கதைப்பது. நான் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பாருங்கள். அன்று மாலைக்குள் சங்கரன் தங்கமான மனுஷர் என்று கிளப்பு முழுவதும் பேராகிவிட்டது.

ஆறுதலா வாங்கோ என்றால் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கண் கலங்கியிருக்கிறேன். மெதுவாக வா என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இப்படி எத்தனையோ. முதலில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு கேட்பதற்கு வெட்கமாகிவிட்டது. தெரிந்தவள் போலத் தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

என் மகளுக்கு இந்தத் தொந்தரவே இல்லை. அவள் ஆமாம் என்பதற்கு ஓம் என்பாள், முடியாது என்பதற்கு ஏலாது என்பாள், எங்கட கடல் என்பாள். நான் வீட்டில் "ஏண்டி" என்றால் "இஞ்ச ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்ல, அம்மா" என்று திருத்துவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்னைப்போல் பேசிக் காட்டிச் சிரிக்கவைப்பாளாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

4

இந்த வருஷம் தை மாதம் என் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. அடுத்த கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, ஆபரேஷனால் ஆகாது, இந்த வருஷக் கடைசிக்குள் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'முகம் தெரிகிற வரைக்கும் கோமதியையும் பேத்தியையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்கிறாள்' என்று எழுதியிருந்தான். பேத்தியை அம்மா பார்த்ததே இல்லை.

நான் சண்டை போட்டேன். மூன்று நாள் சமைத்துப் போட்டுவிட்டுப் பேசாமலே இருந்தேன். கடைசியில் அவர் என்னைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரத்துக்கு முன்னால் நின்று சொன்னார்.

"இந்த வருஷம் கோப்பை எனக்குத்தான். வருஷா வருஷம் ஜெயிக்கிற அந்த மலைநாட்டுத் துரையை ஒரே ஒரு தடவை தாண்டிட்டேன்னா போதும். படகை வித்துட்டு அடுத்த வாரமே மூணு பேரும் ஊருக்குப் போறோம். சத்தியம்."

"தோத்துட்டா?"

"தோக்கமாட்டேன்."

தோற்றால் அடுத்த வருஷம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். அம்மாவின் கண்ணுக்கு அடுத்த வருஷம் கிடையாது. ஆக, அம்மா என் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் ஒரு மஞ்சள் படகு இன்னொரு படகைத் தாண்டுவதில் வந்து நின்றது. அதுவரைக்கும் போட்டி நாளில் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொள்கிறவள், இந்தத் தடவை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

5

போட்டி மூன்று சுற்று. கிளப்பு ஜெட்டியில் கிளம்பி, துறைமுகத்துக்கு நடுவே இருக்கிற தீவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். படகு தீவுக்குப் பின்னால் போய்விட்டால் விறாந்தையில் இருக்கிறவர்களுக்குச் சத்தம்தான் கேட்கும். கொடிமரத்து மேடையில் தூரக்கண்ணாடியோடு ஏறி நின்று, யார் முந்துகிறார்கள் என்று கூவிச் சொல்வது காசிம் நானா. நானா என்றால் அண்ணன். பக்கத்துக் கிண்ணியா ஊர்க்காரர், கிளப்புப் படகுகளைப் பார்த்துக்கொள்பவர். அவர் தமிழில் கூவியதை மிஸிஸ் இராசநாயகம் இங்கிலீஷாக்கி மலைநாட்டுப் பெண்களுக்குச் சொல்வார்.

முதல் சுற்றில் எங்கள் படகு மூன்றாவது. இரண்டாவது சுற்றில் இரண்டாவது. முன்னால் மலைநாட்டுத் துரையின் சிவப்புப் படகு மட்டும். தாண்டு, தாண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். அப்புறம் வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது, மிஸிஸ் இராசநாயகம் என்னை ஒரு மாதிரித் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தமும் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது சுற்று. இரண்டு படகும் தீவுக்குப் பின்னால் மறைந்தன. எஞ்சின் சத்தம் ஏறியது. சட்டென்று ஒரு சத்தம் நின்றுபோனது. மேடையிலிருந்து காசிம் நானா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"சங்கரன் தொரைட போட் தாண்டுபோச்சு! தாண்டுபோச்சு!"

மிஸிஸ் இராசநாயகம் அதை இங்கிலீஷாக்க வாயெடுப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். கை தட்டினேன். "அப்பாடா!" என்று கத்தினேன். அம்மாவின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. தட்டிக்கொண்டே திரும்பிப் பக்கத்து நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தேன். பதினாலு வருஷத்தில் அந்தக் கிளப்பில் நான் மனசாரச் சிரித்தது அன்றைக்குத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு கடலைப் பார்த்தார்கள். உமா ஓடிவந்து என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள்.

"கையை விடுங்கோ அம்மா! என்ன செய்யிறீங்கள்! அப்பா தண்ணிக்குள்ள!"

அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெட்டியில் ஆட்கள் கயிறோடு ஓடுவதைக் கண்ட பிறகுதான் நானும் பின்னால் ஓடினேன்.

6

தப்பிவிட்டார். மிதவைச் சட்டை போட்டிருந்தார். வலை இழுக்க வந்த வள்ளக்காரர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். தண்ணீரில் பாதி அமிழ்ந்து மிதந்த ஒரு மரக்கட்டையில் படகு மோதி அடிப்பலகை பிளந்துவிட்டது. அவருடைய கம்பெனி சரக்கேற்றிய கப்பலிலிருந்து விழுந்த கட்டை அது என்று பிறகு சொன்னார்கள்.

ஜெட்டியில் இறங்கி நனைந்த உடுப்போடு நடந்து வந்தவரிடம், எனக்கு முன்னால் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். பிறகு பாருக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் உமா கேட்டாள்.

"அம்மா, காசிம் நானா சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"ஏன் விளங்காம? அப்பா படகு தாண்டிப் போச்சுன்னார்."

அவள் நடு ரோட்டில் நின்றுவிட்டாள்.

"தாண்டிப் போச்சு இல்லை அம்மா, தாண்டுபோச்சு. தாழுறது. கடலுக்கு அடியில போட்டுது எண்டு அர்த்தம்."

"முழுகிப்போச்சுன்னு சொல்லவேண்டியதுதானே!"

"முழுகிறது எண்டா எண்ணெய் வச்சுத் தலைக்குத் தோயிறதெல்லோ!"

இரண்டு பேரும் அங்கேயே நின்று சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது. போட்டி தோற்றுப்போனது, அம்மாவுக்கு அடுத்த வருஷம் கிடையாது, புருஷன் நான் அவர் சாவுக்குக் கை தட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு 'டு' செய்த வேலை.

நடந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டுமென்றுதான் அவர் வரும்வரை விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"கண்டி ஆபீசுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரேன். உன் பேர்ல தனியா பாஸ்போர்ட் எடுத்துக்கோ. பிள்ளையையும் அதில சேர்த்துக்கோ. ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டு வாங்க. உனக்கு என்மேல இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கலை."

கண்டியில் இருக்கிற நம் நாட்டு அலுவலகத்தில் கணவனுடைய சம்மதக் கையெழுத்து இல்லாமல் தனிப் பாஸ்போர்ட் கிடையாது. அந்தக் கையெழுத்துக்காக எத்தனை வருஷம் மன்றாடியிருப்பேன். இப்போது கேட்காமலே போட்டுத் தருகிறேன் என்கிறார். நான் உண்மையைச் சொன்னால் அவர் கோபம் போய்விடும். கோபம் போனால் கையெழுத்தும் போய்விடும். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பாட்ட நான் சொல்லட்டோ?" என்று மறுநாள் உமா கேட்டாள்.

"வேண்டாம்."

"பாவம் அம்மா அவர்."

"பாஸ்போர்ட் கைக்கு வரட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

அன்றிலிருந்து, சாயங்காலம் என்னோடு இருக்கிறவள், அப்பாவோடு போய் உட்காரத் தொடங்கினாள்.

7

அவர் கிளப்புக்குப் போவதை விட்டுவிட்டார். காசிம் நானாவின் ஆட்கள் படகைக் கடலிலிருந்து தூக்கி, எங்கள் பின்வளவில் இரண்டு பீப்பாய்மேல் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அதன் வயிற்றில் ஒரு ஓட்டை. நான் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். அவரும் உமாவும் அதைச் சுற்றி நின்று சுரண்டுவார்கள். நான் போனால் சத்தம் நிற்கும்.

மிஸிஸ் இராசநாயகம் ஒரு நாள் வந்தார். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவருடைய பெரிய குரலை முடிந்தவரை சின்னதாக்கிக்கொண்டு சொன்னார்.

"நான் உங்களில பிழை சொல்ல மாட்டன், கோமதி. எனக்கும் எத்தினை நாள் டாக்டரைப் பிடிச்சுக் கடலுக்குள்ள தள்ளிவிடுவமோ எண்டிருக்கும். நீங்கள் துணிஞ்சு கை தட்டினீங்கள். எனக்கு அந்தத் துணிவு இல்லை."

அவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு அன்றைக்கு என்மேல் இருந்த மரியாதையைக் கெடுக்க மனசு வரவில்லை.

கண்டிக்கு உமாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கப்பல்துறை என்கிற ஊரைத் தாண்டியதும் கடல் வாசம் நின்றுவிட்டது. எனக்கு மூச்சு விட முடிந்தது. உமா கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அலுவலகத்தில் இருந்தவர் நம்மூர்ப் பக்கத்து மனுஷர். மரியாதையாகத்தான் விசாரித்தார். "சொந்த ஊர் தூத்துக்குடிதானா?" என்றார். "ஓம்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்லை, ஆமாம்" என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. திருகோணமலையில் நான் இந்தியாக்காரி. கண்டியில், அதுவும் என் ஊர்க்காரர் முன்னால், சிலோன்காரி. எந்தத் தெருவில் பிறந்தேன், எந்தப் பள்ளிக்கூடம், பனிமயமாதா கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் நின்ற உமா, யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

8

பாஸ்போர்ட் போன வாரம் வந்தது. திறந்து பார்த்தேன். என் போட்டோ தனியாக இருந்தது. கீழே பிள்ளை என்று உமாவின் பெயர். அதை முகத்தில் ஒற்றிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாண்டுவதையும் தாழுவதையும் சொன்னேன். அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. உமா "ஓம் அப்பா, உண்மை. அம்மாக்கு அந்தச் சொல் தெரியாது" என்றாள். அவ்வளவுதான். மனுஷர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார் என்றும் சொல்லலாம். "நான் ஜெயிச்சேன்னு நினைச்சா தட்டினே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தனை நாள் அவர் எவ்வளவு நொந்துபோயிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மனசும் இளகிவிட்டது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகவும் அன்பாகச் சொன்னார்.

"அப்ப நீ எதுக்குத் தனியாப் போகணும்? கோபத்தில சொன்னதையெல்லாம் மனசில வச்சுக்காதே. படகுக்கு ஒண்ணுமில்லை, ஒரு பலகைதான். அடுத்த பங்குனியில அந்தத் துரையை ஒரு கை பார்த்துட்டு மூணு பேரும் சேர்ந்து போவோம். குடும்பமாப் போறதுதானே அழகு."

"அம்மாவுக்குக் கண்ணு..."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. அதெல்லாம் இருக்கும். நீ போயிட்டா வீட்டை யார் பார்க்கிறது?"

சொல்லிக்கொண்டே, மேசைமேல் இருந்த என் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்து அலுமாரியில் வைக்க எழுந்தார். பத்திரமாக இருக்கட்டுமென்றுதான். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

குசினி வாசலிலிருந்து உமாதான் பேசினாள்.

"அம்மா போகட்டும் அப்பா. அம்மம்மாக்குக் கண் தெரியாமல் போனால் பிறகு போய் என்ன? வீட்டை நான் பாக்கிறன். நான் நிக்கிறன்."

அவர் கை தளர்ந்தது. பாஸ்போர்ட் என்னிடம் வந்துவிட்டது.

"நீ வரலையா?" என்றேன். "உன் பேரும் இதில இருக்குடி. அம்மம்மா உன்னைப் பார்க்கணும்னுதான்..."

"எனக்கு அவவைத் தெரியாதே அம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள்.

"அப்பா தனிய. பலகை மாத்துற நேரம் ஆராவது பிடிக்கவும் வேணும். நீங்கள் ஆறுதலா நிண்டு அம்மம்மாவைப் பாத்திட்டு வாங்கோ."

நம்மூரில் நிற்கிறேன் என்றால் காலில் நிற்பது. இங்கே நிற்கிறேன் என்றால் இங்கேதான் இருக்கிறேன், உன்னோடு வரவில்லை என்பது. பதினாலு வருஷத்தில் இந்த ஊர்ச் சொல் ஒன்று, யாரும் திருத்தாமல், கேட்ட அந்த நொடியிலேயே எனக்கு விளங்கியது இதுதான் முதல் தடவை. விளங்காமலே இருந்திருக்கலாம்.

பெட்டியைத் திறந்து, அவளுக்கென்று புதிதாகத் தைத்து வைத்திருந்த பாவாடை சட்டைகளை எடுத்து வெளியே வைத்தேன். அவள் வந்து மடித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ரயில். தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். கீழே இருக்கிற பெயரைக் காட்டி, பிள்ளை எங்கே என்று உத்தியோகத்தர் கேட்பார். கேட்டால் சொல்ல என்னிடம் சொல் இருக்கிறது. பிள்ளை நிக்கிறா.